இரண்டு நூல்

மார்ச் 3, செவ்வாய்

ஏர் ரைஃபிளின் மேல் குறி பார்க்கிற ஸ்கோப்பைத் தாங்குகிற மவுண்ட் இன்று காலை கழன்று விழுந்துவிட்டது.

என் பனியன் வேஸ்ட் குடோனுக்குப் பின்னால் சுவரோரம் காலி நூல் கோன்களை வரிசையாக வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மேசைமேல் மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, இடது கையால் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு குண்டுக்குச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. பார்த்தால் ஸ்கோப், மவுண்ட், அதன் அடியில் இருக்கிற இரும்புப் பட்டை எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து அவர் மடியில் கிடக்கிறது. கண்ணாடி உடையவில்லை. அவர் முகத்திலும் படவில்லை. முருகா, அதற்கே உனக்கு ஒரு தேங்காய்.

பட்டையைப் பிடித்திருந்தவை இரண்டே ஸ்க்ரூ. ஒன்று முறிந்து, துளி மரையோடு தலை மட்டும் கிடைத்தது. அதன் மீதித் துண்டும் இன்னொன்றும் தெறித்து வெட்டுத்துணிக் குவியலுக்குள் போய்விட்டன. லாரி லோடு பனியன் வேஸ்ட்டைக் கலைத்து ஒரு ஸ்க்ரூவைத் தேடுகிற அளவுக்கு எனக்கு இன்னும் கிறுக்குப் பிடிக்கவில்லை.

மில்காரர்கள் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். இதுவரை எந்த லோடு எந்த ஊருக்குப் போனது என்பதைத் தவிர அதில் நான் எதுவும் எழுதியதில்லை. இப்போது பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன். ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் போயின, பேச்சும் போனது. கால் பாதி திரும்பி வந்துவிட்டது. கை கொஞ்சம் வந்திருக்கிறது. பேச்சுதான் கலைந்து கிடக்கிறது. காபி வேண்டுமென்றால் "சாவி" என்பார். பனி பெய்கிறது என்பதற்கு "பஸ்ஸு" என்பார். பொங்கலன்று என்னைப் பார்த்து "லாரி" என்றார். என் உடம்பைப் பார்த்தால் அதை முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

இந்தத் துப்பாக்கி அவருடைய பழைய ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் எதையுமே கேட்கவில்லை. கொடுத்தால் சாப்பிடுவார், படுக்க வைத்தால் படுப்பார். தை கடைசியில் ஒரு நாள் இடது கையை நீட்டி அலமாரி மேல் இருந்த துப்பாக்கியைக் காட்டினார். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெனிட்டாவிடம் கேட்டேன். "அவரா ஒண்ணு கேட்டிருக்கார், குடுத்துடுங்க ஆன்ட்டி" என்றாள். அன்றிலிருந்து எங்கள் காலை இப்படித்தான் விடிகிறது. குழாயை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றுவதும் குண்டு போடுவதும் என் வேலை. சுடுவது அவர் வேலை. ஒற்றைக் கையால் குழாயை மடிக்க முடியாது, அதனால் நான் இல்லாமல் நடக்காது. கோன் விழுந்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பார். அந்த ஒரு பக்கம் எனக்குப் போதும்.

இன்று ஸ்க்ரூ போன ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு "நூல்" என்றார்.

"நூலுங்களா? எந்த நூலுங்க? நம்மகிட்ட வேஸ்ட்தான இருக்குது, நூலு ஏது?"

"நூல். ரெண்டு."

"செரிங்க, ரெண்டு நூலு. வாங்கிக்கலாமுங்க. இப்பக் கஞ்சி குடிங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 4, புதன்

இராஜபாளையம் லோடு போனது. வெள்ளையில் கலர் கலந்துவிட்டதென்று மறுபடி பிரிக்கச் சொல்லி மூன்று பெண்களைத் திட்டினேன். ஸ்க்ரூ வாங்க மறந்துபோனேன்.

மார்ச் 5, வியாழன்

காலையில் மயில்சாமி வந்தான். நிட்டிங் மெஷின் பழுது பார்க்கிற இவருடைய பட்டறையில் பையனாகச் சேர்ந்து ஃபிட்டர் ஆனவன். ஐப்பசியிலிருந்து பட்டறையை அவன்தான் ஓட்டுகிறான். இப்போது லேத், டிரில்லிங் மெஷின், சாமான் எல்லாவற்றோடும் சேர்த்து விலைக்குக் கேட்கிறான். நானும் சம்மதித்துவிட்டேன். உடையவர் உட்காராத பட்டறை எத்தனை நாளைக்கு ஓடும்? வியாபாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பாடம், ஓடுகிறபோதே விற்றுவிட வேண்டும்.

இவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பேசினோம்.

"அக்கா, லேத்து பழசுங்க. பெட்டு தேஞ்சு கெடக்குது. ஏழு லட்சத்துக்கு மேல எனக்குத் தாங்காதுங்க்கா."

"தேஞ்ச லேத்த வெச்சுத்தான ரெண்டு வூடு கட்டுன?"

"ஒண்ணுதானுங்க்கா. இன்னொண்ணு மாமனாரு குடுத்ததுங்க."

"உன்ற மாமனாரு எதப் பாத்துப் பொண்ணு குடுத்தாரு? உன்ற மொகத்தப் பாத்தா? இந்த லேத்தப் பாத்துத்தான?"

விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஒன்பதில் ஆரம்பித்தேன், அவன் ஏழரைக்கு ஏறினான், எட்டு லட்சத்தில் கை குலுக்கினோம். இருபதாம் தேதி டோக்கன் முன்பணம்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முகத்தில் வெயில் அடித்திருக்கும். ஜன்னலைச் சாத்தினேன்.

போகும்போது மயில்சாமி துப்பாக்கியைப் பார்த்துவிட்டான். "மவுண்டு கழண்டுருச்சாட்ட இருக்குது. குடுங்க்கா, பட்டறைக்குக் கொண்டுபோயி நிமிசத்துல மாட்டிக் குடுக்கறனுங்க" என்றான். வேண்டாம் சாமி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு விலை பேசி முடிந்து பணம் கைக்கு வருகிறவரைக்கும் எதிராளியிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்தால் அதுவும் விலையில் கழியும்.

மார்ச் 6, வெள்ளி

பெங்களூரிலிருந்து நவநீதன் பேசினான். எட்டு லட்சம் நல்ல விலை என்றான். "அப்பாகிட்டச் சொல்லீட்டியாம்மா?" என்று கேட்டான்.

"சொன்னா வெளங்குமா கண்ணு? காபியச் சாவின்னு சொல்றாரு."

"அப்ப விடும்மா. புரியாதவருகிட்டச் சொல்லி எதுக்கு அவரக் கொழப்பிக்கிட்டு."

சரிதான் என்று போனை வைத்தேன். பிள்ளை நல்லவன். மாதம் தவறாமல் வருகிறான், அப்பாவைக் குளிப்பாட்டுகிறான், முகம் சுளிப்பதில்லை. அப்படிப்பட்ட பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்.

மார்ச் 7, சனி

ஸ்க்ரூ வாங்கிவிட்டேன். தலையை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் தடிமனைப் பார்த்துவிட்டு, "நீளம் எவ்வளவுங்க?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? கால் இஞ்ச்சு, அரை இஞ்ச்சு இரண்டையும் மேசைமேல் போட்டார். கால் இஞ்ச்சு ஸ்க்ரூவைப் பார்த்தால் குழந்தையின் கால் சுண்டுவிரல் நகம் மாதிரி இருந்தது. அது எந்தக் காலத்தில் எதைப் பிடிக்கப் போகிறது? அதனால்தான் பழையது பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அரை இஞ்ச்சே கொடுங்கள் என்றேன். நீளமாக இருந்தால் கெட்டியாகப் பிடிக்கும். இரண்டுமே ஒரே விலைதான், பிறகு பெரியதை ஏன் விட வேண்டும்?

மார்ச் 8, ஞாயிறு

காலையில் துப்பாக்கியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் உள்ளங்கையில் இருந்த ஸ்க்ரூவை அவர் இடது கையால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"நூல்... ரெண்டு."

மறுபடியும் நூல். மேசை டிராயரில் மில்காரர் கொடுத்த சாம்பிள் கோன் இரண்டு இருந்தன. கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "இந்தாங்க, ரெண்டு நூலு. முப்பதாம் நம்பரு, நல்ல நூலு."

ஒரு கோனைத் தட்டிவிட்டார். அது உருண்டு, நூலை அவிழ்த்துக்கொண்டே கேட் வரைக்கும் போனது. சுற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்கு இடுப்புப் போய்விட்டது.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. பிளம்பர்கள் பைப் மாட்டும்போது மரையில் நூலைச் சுற்றித்தானே முடுக்குவார்கள்! ஆடாமல் இருக்க அதைத்தான் இவரும் சொல்லியிருக்கிறார். பாவம், எவ்வளவு நாளாகச் சொல்கிறார், எனக்குத்தான் விளங்கவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் இரண்டு இழை நூலைச் சுற்றினேன். அவருக்குக் காட்டினேன்.

"இதுதானுங்களே? இப்பச் செரியா?"

இடது கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. சிரிப்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

நூலோடு சேர்த்து முடுக்கினேன். ஸ்க்ரூ கடைசி வரைக்கும் இறங்கியது. ஸ்கோப் அசையவில்லை. சுட்டுப் பார்க்கலாம் என்றபோது ஈரோட்டு லாரி வந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

குளிக்கும்போது வலது கையால் சோப்பைப் பிடித்தார். வழுக்கி விழுந்துவிட்டது. ஆனாலும் பிடித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

பெனிட்டா வந்தாள். நாகர்கோவில் பெண். பேசிக்கொண்டே இருப்பாள், ஆனால் இவர் வாய் திறந்தால் சட்டென்று நிறுத்திவிடுவாள். அந்த ஒரு பழக்கத்துக்காகவே அவளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

நூல் கதையைச் சொன்னேன். கோன் உருண்டதைச் சொன்னபோது சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"எத்தனை தடவை சொன்னார் ஆன்ட்டி?"

"வாயத் தொறந்தா அதேதான் கண்ணு. நூலு, ரெண்டு."

"காபிக்கு என்ன சொல்வார்?"

"ஒரு நாளைக்குச் சாவி, ஒரு நாளைக்குச் சாக்கு. நேத்திக்குச் சட்டைன்னாரு."

"பாத்தீங்களா? கலைஞ்சுபோன வார்த்தைன்னா தெனம் ஒரு எடத்துக்கு ஓடும். இது ஓடவே இல்லையே. ஒரே எடத்துல நிக்குதே."

படித்த பெண், எதையாவது சொல்லும். வாழைப்பழம் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

 மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் கோன்களை அடுக்கினேன். துப்பாக்கிக் குழாயை மடித்தேன். பாதியில் நின்றுவிட்டது. ஒரு வாரம் சும்மா கிடந்ததால் இறுகியிருக்கும் என்று நினைத்து, துப்பாக்கியின் பின்கட்டையை மேசைக்கும் வயிற்றுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து, என் முழுக் கனத்தையும் போட்டு அமுக்கினேன். முகம் குழாய்க்கு நேராக இருந்தது. உள்ளே கர்ரென்று ஏதோ அரைபடுகிற சத்தம்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையால் இல்லை, இரண்டு கையாலும். வலது கை வலுவில்லாமல்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

"ரெண்டு நூல்!" என்று கத்தினார். ஐப்பசிக்குப் பிறகு அவர் கத்தி நான் கேட்டதில்லை. "ரெண்டு நூல்... ரெண்டு நூல்..." கண் பிதுங்குகிற மாதிரி அடுத்த வார்த்தையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். பெனிட்டா ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

"எச்சு" என்றார்.

எங்கள் பக்கம் கூடுதலை எச்சு என்றுதான் சொல்வோம்.

ரெண்டு நூல் எச்சு.

குழாயை மெல்ல விட்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் இதை! அலமாரிக் கதவு இடித்தால் "ஒரு நூல் எச்சு, இழைக்கோணும்" என்பார். கேட் கொண்டி மாட்டவில்லையென்றால் "அர நூல் கம்மி" என்பார். ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல். பட்டறைக்காரனுக்கும் ஆசாரிக்கும் நூல் என்றால் அதுதான். துணியோடும் பஞ்சோடும் கிடக்கிற எனக்கு நூல் என்றால் நூல். அரை இஞ்ச்சு என்றால் நாலு நூல். இருக்க வேண்டியது கால் இஞ்ச்சு, ரெண்டு நூல். மீதி ரெண்டும் எச்சு. கெட்டியாகப் பிடிக்கட்டும் என்று நான் வாங்கிப் போட்ட நீளம், உள்ளே பிஸ்டன் ஓடுகிற வழியில் போய் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

முதல் நாளே சொன்னார். ஸ்க்ரூ வாங்கப் போவதற்கு முன்னாலேயே அளவு சொல்லி அனுப்பினார். நான் கோனைக் கொண்டுவந்து வைத்தேன்.

சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குப் பாதி வாய், எனக்கு முழு வாய்.

சிரித்து முடித்த பிறகுதான் அது உறைத்தது. ஸ்க்ரூ நீளம் தெரிந்த மனிதருக்கு எட்டு லட்சம் தெரியாதா? ஐந்தாம் தேதி, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு நானும் மயில்சாமியும் பேசினோமே. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினாரே.

அன்றைக்கு வெயில் அந்த ஜன்னலில் இல்லை. காலை வெயில் எங்கள் வீட்டில் மறுபக்கம்தான் வரும்.

மார்ச் 12, வியாழன்

குடோனுக்குப் போகவில்லை. லோடு எதுவும் அனுப்பவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நேற்று முழுக்க எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். யோசித்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பதால் இன்று காலை காபியோடு போய் உட்கார்ந்து நேராகவே சொன்னேன்.

"ஏனுங்க, உங்க பட்டறைய மயில்சாமிக்கு வெலை பேசிப்போட்டேன். எட்டு லட்சம். உங்களக் கேக்காமப் பேசிப்போட்டேன். உங்களுக்கு வெளங்காதுன்னு நெனச்சுப்போட்டேன்."

காபியை ஒரு வாய் குடித்தார். தம்ளரை வைத்தார். ரொம்ப நேரம் தேடினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"கம்மி" என்றார்.

நான் எதை எதையோ எதிர்பார்த்திருந்தேன். விலையைக் குறை சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. "ஏழுல இருந்து எட்டுக்கு ஏத்துனேனுங்க, சும்மாவா?" என்று என் வாயும் பழக்கத்தில் வாதாடிவிட்டது.

கையை ஆட்டினார். அது இல்லை என்கிற மாதிரி. மறுபடி தேடினார். கையை நெஞ்சின் மேல் வைத்தார்.

"நானு?"

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பால் பொங்கவில்லை, இருந்தாலும் போனேன்.

மார்ச் 14, சனி

ஆட்டோவில் அவரையும் துப்பாக்கியையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். 'சென்னியப்பன் என்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்ற போர்டைத் தலையைத் தூக்கிப் படித்தார். உதடு அசைந்தது. தன் பெயரைச் சரியாகச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

மயில்சாமி ஓடிவந்து தாங்கிக்கொண்டான். வைஸில் பிடித்து நான் மாட்டிய ஸ்க்ரூக்களைக் கழற்றினான். நுனி இரண்டும் மழுங்கியிருந்தன. மரையில் நூல் சுற்றியிருந்தது.

"இது என்னங்க்கா நூலு?"

"அதக் கேக்காத."

"இன்னும் கொஞ்சம் அமுக்கிக் கை நழுவீருந்துதுன்னா கொழாய் திருப்பி அடிச்சிருக்குமுங்க. தாவாக்கட்டை போயிருக்குமுங்க்கா."

"தெரியும். அதான் புடிச்சாரு."

பிஸ்டனில் ஒரு கீறல், அவ்வளவுதான். மயில்சாமி அதைத் தேய்த்துவிட்டு, ஸ்க்ரூ டப்பாவை எடுக்கப் போனான். அதற்குள் அவர் டப்பாவை இழுத்து மேசைமேல் கவிழ்த்துவிட்டார். நூற்றுக்கணக்கில் ஸ்க்ரூ. ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனார். மயில்சாமி எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னைப் பார்த்தான். பார்த்த பிறகு அவனும் சும்மா நின்றான்.

வெயில் மேசையில் ஒரு முழம் நகர்ந்தது. ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். ஆணியில் தொங்கிய இரும்பு ஸ்கேலைக் காட்டினார். கொடுத்ததும் அதன் மேல் ஸ்க்ரூவைப் படுக்க வைத்து, என்னைக் கிட்டே கூப்பிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி நகத்தால் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டு. நூல்."

"செரிங்க வாத்தியாரே" என்றேன்.

மயில்சாமி போய் கிரைண்டரைப் போட்டான். அதில் தீட்ட எதுவும் இல்லை. சத்தம் மட்டும் ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஸ்க்ரூவில் பசை தொட்டு, அவர் "செரி" என்கிற வரைக்கும் முடுக்கினான். பிறகு லேத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாகத்தைக் கழற்றி, பழக்க தோஷத்தில், "அண்ணா, இது செரிங்களா?" என்று அவர் கையில் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது. திரும்ப வாங்கப் போனான்.

அவர் கட்டைவிரலால் உட்பக்கம் தடவினார். "தப்பு" என்றார்.

மயில்சாமி அளந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். "ஆமாங்க. அடுத்ததும் இதே மாதிரிதான் வந்திருக்குமுங்க. பத்துப் பீஸ் போட்டுருப்பேன், பத்தும் திரும்பியிருக்கும்."

ஆட்டோவில் திரும்பும்போது பட்டறை கண்ணுக்கு மறைகிறவரைக்கும் அவர் பின்பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கழுத்து வலிக்கும் என்றேன். கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

குழாய் எண்ணெய் போட்ட மாதிரி மடிந்தது. நான் ஏற்றினேன், அவர் சுட்டார். முதல் குண்டு சுவரில். ஸ்கோப் திருகைச் சுட்டிக் காட்டினார், திருப்பினேன். அடுத்ததும் சுவரில்தான். இன்னும் கொஞ்சம். பிறகு கோன் விழுந்தது. அதற்கப்புறம் வரிசையாக விழுந்தன. மவுண்ட் இம்மியும் அசையவில்லை.

விழுந்ததைப் பொறுக்க நான் ஆடி ஆடி ஓடியபோது பின்னாலிருந்து "லாரி!" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு பக்கச் சிரிப்பு. இது கலைந்துபோன வார்த்தையா, கிண்டலா என்று பெனிட்டாவிடம் கேட்க மாட்டேன். கிண்டல்தான்.

நானே கையூன்றி மேலே வந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். சைக்கிளில் வேஸ்ட் மூட்டை கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், கழிவு இரும்பில், வேஸ்ட்டைப் பேல் கட்டாக அமுக்குகிற பிரஸ் ஒன்றை இவர் பட்டறையில் செய்து கொடுத்தார். அது வந்த பிறகுதான் என் சரக்கு லாரி ஏறியது. அந்தப் பிரஸ் இன்றைக்கும் குடோனில் ஓடுகிறது. அந்தப் பட்டறையைத்தான் அவரைக் கேட்காமல் விலை பேசினேன்.

நவநீதனுக்குப் போன் போட்டு விற்பனை இல்லை என்றேன். "ஏம்மா, அப்பாவுக்குத் தெரிஞ்சு வருத்தப்படறாரா?" என்றான். "அவருகிட்டயே கேளு" என்று போனை இவர் காதில் வைத்தேன். அவன் ஏதோ கேட்டான். இவர் தேடிக்கொண்டே இருந்தார். பிள்ளை அவசரப்படவில்லை. பேசாமல் காத்திருந்தான். ஊர் விட்டு ஊர் வந்த அந்த அமைதியை நானும் கேட்டேன். "சாப்டியா?" என்றார் இவர். அது கேட்க நினைத்த வார்த்தையா இல்லையா, தெரியாது. அந்தப் பக்கம் அவன் "சாப்டேம்ப்பா, சாப்டேம்ப்பா" என்று இரண்டு தடவை சொன்னான்.

மார்ச் 17, செவ்வாய்

பெனிட்டாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் கொடுத்தேன். எதுக்கு ஆன்ட்டி என்றாள். நின்ன எடத்துல நிக்குதுன்னு சொன்னியே, அதுக்கு என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

டோக்கன் நாள். மயில்சாமி பணத்தோடு வந்துவிட்டான். விற்பதாக இல்லை என்று நேராகச் சொன்னேன். கை குலுக்கிவிட்டு மாறுவது எனக்கு இதுதான் முதல் தடவை, அதையும் சொன்னேன். ஒரு நிமிடம் அவன் முகம் சுண்டியது. அவனுக்கும் கனவு இருந்திருக்கும். போர்டில் தன் பெயரை எழுதிப் பார்த்திருப்பான்.

"அக்கா, நெசத்தச் சொல்றனுங்க. சனிக்கெழமை அண்ணன் தப்புன்னு சொன்னாரில்லீங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வல்லீங்க. அந்த லேத்த நான் வாங்கலாமுங்க. அந்தக் கட்டைவெரல எங்க போயி வாங்கறது?"

"அப்ப வாடகைக்கு எடுத்துக்க. லாபம் உன்ற பக்கம். கட்டைவெரலு எங்க பக்கம்."

"பதினெட்டு தர்றனுங்க."

"இருவத்தஞ்சு."

"அக்கா, லேத்து பெட்டு தேஞ்சு..."

"மறுபடியும் அந்தப் பெட்டயே சொல்லாத. இருவது வருசமாத் தேஞ்சுட்டே இருக்குது."

"இருவதுங்க. கடேசி."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் இடது கையைத் தூக்கினார். இரண்டு பேரும் வாயை மூடினோம். வார்த்தை வருகிறவரைக்கும் காத்திருந்தோம்.

"கம்மி" என்றார்.

மயில்சாமி சிரித்துவிட்டான். "அண்ணனே சொன்னப்பறம் நான் என்னத்தச் சொல்றதுங்க, இருவத்தி ரெண்டு" என்றான். இவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை கை குலுக்கியது நானில்லை, அவர். வலது கையை இடது கையால் தூக்கி நீட்டினார்.

முடிவானது இது. வாடகை மாதம் இருபத்திரண்டாயிரம், முன்பணம் இல்லை. போர்டில் பெயர் மாறாது, அதற்கடியில் மயில்சாமி தன் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். துடைக்கிற வேஸ்ட் துணி என் குடோனிலிருந்து இலவசம். காலையில் துப்பாக்கி வேலை முடிந்ததும் அவரை நான் கொண்டுவந்து விடுவேன், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவேன். லேத்துக்குப் பக்கத்தில் அவர் நாற்காலி இருக்கும், அதை யாரும் நகர்த்தக் கூடாது. அவர் தப்பு என்றால் மெஷினை நிறுத்த வேண்டும். அவர் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நானும்தான்.